யார் காசில் யார் ஆட்டம்?

(ஹுத்தான் மெலிந்தாங்கில் பெற்றோர், ஆசிரியர், இளைஞர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் என்னை அழைத்தார்கள். யார் எத்தனை கோல் போட்டார்கள் என்பது என்னைவிட இங்கே இருக்கும் தம்பிமார்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நான் கோலைப் பற்றிப் பேசப் போவதில்லை. கோல் கம்பத்துக்கு ஆன செலவைப் பற்றிப் பேசப் போகிறேன். அதைப் பற்றிப் பேசத்தான் ஆள் குறைவு.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். நெய் ஊராருடையது, ஊற்றுகிற கை நம் வீட்டுக் கை. அப்புறம் என்ன, இலையில் ஓடத்தான் செய்யும். விளையாட்டில் இந்த நெய் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் கடல் தாண்டிப் பார்த்துவிட்டு, பிறகு நம் வீட்டுக்கு வருவோம்.

அமெரிக்காவில் டெக்சஸ் ஏ அண்ட் எம் என்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. தனியாருடையது அல்ல, அரசுப் பல்கலைக்கழகம். அதன் காற்பந்துத் திடலில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். அவர்களுடைய காற்பந்து நம் காற்பந்து அல்ல. கையில் பந்தை வைத்துக்கொண்டு தலைக்கவசத்தோடு ஓடுவார்களே, அது. சொந்தத் திடலில் ஆட்டம் என்றால் அதற்கு முந்தைய நள்ளிரவில் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். ஆட்டம் பார்க்க அல்ல. மறுநாள் எப்படிக் கத்துவது என்று ஒத்திகை பார்க்க. அவர்களுக்குச் சின்னமாக ஒரு நாய் உண்டு. ரெவெய்லி என்று பெயர். அந்த நாய் ஒரு மாணவனின் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டால் மாணவன் தரையில் படுக்க வேண்டும் என்பது அங்கே மரபு. செத்துப்போன நாய்களைத் திடலின் வாசலருகே புதைத்திருக்கிறார்கள். திடலை விரித்துக் கட்டியபோது உள்ளே இருக்கும் ஆட்டப் பலகை கல்லறையிலிருந்து தெரியாமல் போய்விட்டது. நாய்களுக்கு ஆட்டக் கணக்குத் தெரிய வேண்டுமே! வெளியே அவற்றுக்கென்று தனியாக ஒரு பலகை வைத்தார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். நாய்க்குப் பலகை வைப்பதால் யார் குடியும் கெட்டுவிடாது. நான் மேலே சொல்ல வருவது வேறு. 2023 நவம்பரில் இதே பல்கலைக்கழகம் தன் காற்பந்துப் பயிற்றுநர் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து நீக்கியது. ஒப்பந்தம் முடியுமுன் நீக்கியதால் அவருக்குத் தர வேண்டிய தொகை 75 மில்லியன் டாலருக்கும் மேல். வேலை செய்ததற்குச் சம்பளம் அல்ல, வேலை செய்ய வேண்டாம் என்பதற்குச் சம்பளம்! "வரிப்பணத்தைத் தொட மாட்டோம், நன்கொடையிலிருந்து கொடுப்போம்" என்றார்கள். இருக்கட்டும். ஆனால் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஒருவர் நன்கொடை தர முன்வரும்போது அது ஆய்வுக்கூடத்துக்குப் போவதா, வீட்டுக்கு அனுப்பிய பயிற்றுநருக்குப் போவதா என்று கேட்க வேண்டாமா? அந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் ஒரு கல்லூரிப் பயிற்றுநர். ஆளுநர் அல்ல, மருத்துவர் அல்ல. பல அரசுக் கல்லூரிகளில் விளையாட்டுத் துறை தன் வரவில் நிற்க முடியாமல், மாணவர் கட்டணத்தில் கை வைத்துத்தான் நிற்கிறது. திடல் பக்கமே போகாத பிள்ளையும் அந்தக் கட்டணத்தைக் கட்டுகிறது.

அதே டெக்சஸில் அலன் என்று ஒரு நகரம். அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு, கவனியுங்கள், பள்ளிக்கு, 60 மில்லியன் டாலரில் 18,000 பேர் உட்காரும் விளையாட்டரங்கம் கட்டினார்கள். 2012இல் திறந்தார்கள். 2014இல் சிமெண்டில் விரிசல் கண்டு மூடினார்கள். 2015இல்தான் மறுபடி திறந்தார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த அரங்கத்துக்காகக் கடன் வாங்கலாமா வேண்டாமா என்று 2009இல் ஊராரிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஊரார் சரி என்றார்கள். விரிசல் வந்ததும் கட்டியவர்களையும் வரைபடம் போட்டவர்களையும் பிடித்து உலுக்கிப் பழுதுபார்க்க வைத்தார்கள். ஆடம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டுச் செய்த ஆடம்பரம்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

சுக்மா உங்களுக்குத் தெரியும். 1986இல் தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாநிலங்கள் மோதிக்கொள்ளும் மலேசிய விளையாட்டுப் போட்டி. நம் பேராக்கும் 2018இல் ஏற்று நடத்தியது. 2008இல் திரெங்கானுவின் முறை. அதற்காகக் கோலத் திரெங்கானுவுக்குப் பக்கத்தில் கோங் பாடாக்கில் 50,000 பேர் உட்காரும் சுல்தான் மிசான் சைனல் அபிடின் அரங்கத்தைக் கட்டினார்கள். செலவு ஏறக்குறைய 290 மில்லியன் ரிங்கிட். 2008 மே மாதம் திறப்பு விழா. 2009 ஜூன் 2ஆம் தேதி காலையில் கூரை இடிந்து விழுந்தது. ஓராண்டும் சில நாளும்தான் தாங்கியது. நல்ல வேளை, உள்ளே கூட்டம் இல்லை. போட்டி நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடம்பு நடுங்குகிறது. வடிவமைப்பிலும் குறை, கட்டிய வேலையிலும் குறை என்று விசாரணையில் தெரியவந்தது. 2013 பிப்ரவரியில் மிச்சமிருந்த பகுதியைப் பிரிக்கும்போது அதுவும் சரிந்து, வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் காயமடைந்தார்கள்.

அலனிலும் விரிசல், இங்கேயும் இடிபாடு. வித்தியாசம் எங்கே? 50,000 நாற்காலி வேண்டுமா என்று திரெங்கானுவின் மீனவரையோ ஆசிரியரையோ யாரும் கேட்கவில்லை. கேட்காததால், இடிந்தபோது அவர்கள் உரிமையோடு சட்டையைப் பிடிக்கவும் முடியவில்லை. காசைக் கொடுத்தவன் ஓரிடம், செலவழித்தவன் ஓரிடம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில்தான் இந்த நெய் இப்படி ஓடும். இன்று நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

அடுத்த சாட்சி நமக்கு மிக நெருக்கமானது. நம் தாத்தா பாட்டி வெட்டிய பால்மரத்தின் கதை.

நமக்கு அடுத்த ஜெண்டராத்தா தோட்டத்தைப் பாருங்கள். டென்மார்க்கிலிருந்து வந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் ரப்பர் கம்பெனியாகத் தொடங்கியது. பின்னால் தென்னை, அதற்கப்புறம் செம்பனை. அந்தக் காலத்தில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இங்கே பாதிப் பேர். இந்த நாட்டிலிருந்து ஏற்றுமதியான ரப்பருக்கு ஆய்வுக்கென்று ஒரு வரி பிடித்தார்கள். அந்தப் பணத்தில் வளர்ந்த நிறுவனங்களில் ஒன்று இங்கிலாந்தில், லண்டனுக்கு வடக்கே, ஹெர்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் பிரிக்கண்டன்பரி என்ற பழைய மாளிகைத் தோட்டத்தில் இருக்கிறது. துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம் என்று பெயர். நம் ரப்பர் வாரியத்துக்குச் சொந்தம். ரப்பரை ஆராய்ந்தார்கள், நல்ல வேலை செய்தார்கள், அதில் எனக்குக் குறை இல்லை.

2007 வாக்கில் இளைஞர் விளையாட்டு அமைச்சு ஒரு யோசனை கொண்டுவந்தது. ஐரோப்பாவில் போட்டிக்குப் போகும் நம் விளையாட்டாளர்கள் தங்கிப் பயிற்சி செய்ய அந்தப் பிரிக்கண்டன்பரியில் ஓர் உயர்தரப் பயிற்சி மையம் கட்டலாம் என்று. பேசப்பட்ட தொகை 490 மில்லியன் ரிங்கிட். 2012இல் லண்டனில் ஒலிம்பிக் வேறு வரப்போகிறது என்று காரணம் சொன்னார்கள். அந்த இடமோ, புதுக் கட்டடங்களை எளிதில் அனுமதிக்காத பசுமை வட்டாரம். அங்கே உள்ளூர் மன்றம் முகம் சுளித்தது, இங்கே மக்களும் நாடாளுமன்றமும் சத்தம் போட்டார்கள், கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது.

நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 490 மில்லியனை அவற்றுக்குப் பிரித்துப் பாருங்கள். ஒரு பள்ளிக்கு ஒன்பது இலட்சம் வெள்ளிக்கு மேல் வருகிறது. அந்தக் காசு முழுவதும் நமக்கே வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓடுவதற்கு நூறு மீட்டர் நேர்க்கோடு கிடைக்காமல், பள்ளி வாசலிலிருந்து கழிப்பறைச் சுவர் வரை பிள்ளைகளை ஓடவிட்டுப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். எல்லா இனத்துப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அந்த ஆசிரியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராவது "இங்கிலாந்தில் மையம் கட்டுகிறோம்" என்று சொல்லியிருக்க முடியுமா? தூரத்தில் இருந்ததால்தான் சொல்ல முடிந்தது.

பெரிய தொகை என்றால்தான் திருட்டு, சின்னத் தொகையில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையில் ஒரு வரி வந்தது. இதே அமைச்சின் கீழ் இருந்த இளைஞர் தொழிற்பயிற்சிக் கழகத்துக்குப் பொருள் வாங்கியதில், கடையில் 50 வெள்ளிக்குக் கிடைக்கும் காடி தூக்கும் ஜேக் ஒன்றுக்கு 5,741 வெள்ளி கொடுத்திருக்கிறார்கள். தெலுக் இந்தானில் எந்த உதிரிபாகக் கடைக்காரரிடம் போய் இந்த விலையைச் சொன்னாலும் தவ்கே எழுந்து நின்று நாற்காலி போடுவார். 2016 மார்ச்சில் அதே அமைச்சில் ஏறக்குறைய 100 மில்லியன் ரிங்கிட் முறைகேடு என்று ஊழல் தடுப்பு ஆணையம் ஆட்களைப் பிடித்தது. ஜேக்கில் யாரும் கேள்வி கேட்காவிட்டால் அடுத்தது மில்லியனுக்குப் போகத்தானே செய்யும்?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெரிய செலவெல்லாம் வீண் செலவு என்று நான் சொல்லவில்லை. 1998 செப்டம்பரில் ஆசியாவிலேயே முதன்முறையாகக் காமன்வெல்த் போட்டியை நாம் நடத்தினோம். எந்த நேரத்தில்? பொருளாதாரம் படுத்துவிட்டிருந்த நேரத்தில். டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிப்போட்ட பத்து நாளுக்குள் தொடக்க விழா. அன்று அது சரியா என்று கேட்டவர்கள் உண்டு, கேட்டது நியாயம்தான். ஆனாலும் அந்தப் போட்டிக்குக் கட்டிய புக்கிட் ஜாலில் அரங்கம் இன்றைக்கும் நிற்கிறது, இன்றைக்கும் நிறைகிறது.

அதற்கு நேர் எதிரான ஒரு நல்ல முடிவும் இருக்கிறது. 2026 காமன்வெல்த் போட்டியை நடத்த ஒப்புக்கொண்ட ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு எகிறுகிறது என்று 2023 ஜூலையில் கைகழுவியது. காமன்வெல்த் விளையாட்டுக் கூட்டமைப்பு நம்மிடம் வந்து, 100 மில்லியன் பவுண்டு தருகிறோம், நீங்கள் நடத்துங்கள் என்றது. 2024 மார்ச்சில் நம் அரசாங்கம் வேண்டாம் என்றது. அந்தக் காசு போதாது, மிச்சத்துக்கு மக்கள் காசைப் போட வேண்டிவரும் என்று கணக்குப் பார்த்து மறுத்தார்கள். விளையாட்டு வரலாற்றில் கிண்ணம் வாங்கியதைத்தான் எழுதுவார்கள். இந்த "வேண்டாம்" என்ற சொல்லையும் எழுத வேண்டும்.

சரி, நம் பேராக்கின் பெருமையைக் கொஞ்சம் பேசுவோம். தேசிய அளவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாளர் விருதை 1966இல் முதன்முறை கொடுத்தபோது, ஆண்களில் வாங்கியவர் கோலகங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன். பெண்களில் வாங்கியவர் தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி. முதல் விருது இரண்டும் நம் மாநிலத்துத் தமிழர்களுக்கு! அந்த ஆண்டு பாங்காக் ஆசியப் போட்டியில் ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை ஆள் வரவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு! அதற்குள் எத்தனை அரங்கம் எழுந்தது, எத்தனை வாணவேடிக்கை விட்டோம் என்று எண்ணிப் பாருங்கள். அரங்கம் கட்டினால் ஓட்டக்காரன் தானாக முளைத்துவிட மாட்டான்.

இந்த இடத்தில் தோட்டத்துத் திடலைச் சொல்லாமல் தாண்ட முடியாது. இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பகலில் வேலை முடிந்து, சாப்பிட்டுக் கண்ணயர்ந்து, வெயில் தாழ்ந்ததும் ஆண்கள் திடலுக்கு வருவார்கள். மரக்கட்டைதான் கோல் கம்பம். பந்துக்கும் சட்டைக்கும் சம்பள நாளில் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல். வசூலித்தவர் மறு வசூலுக்கு வருமுன் பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கள்ளுக்கடையில் வைத்து நாறடித்துவிடுவார்கள். காசு கொடுத்தவன், காசு வைத்திருந்தவன், பந்து உதைத்தவன் மூவரும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. எப்படி ஆடம்பரம் வரும்?

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தத் திடல் கம்பெனிக்குச் சொந்தம். துரை நினைத்தால் ஆடலாம். தோட்டம் கைமாறியபோது, துண்டாடப்பட்டபோது, செம்பனை ஏறியபோது திடலும் போயிற்று. நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நமக்குச் சொந்தமில்லாத திடலில், ஐம்பது காசு வசூலுக்குக் கணக்குக் கேட்டோம். நமக்கே சொந்தமான அரசாங்கக் காசுக்கு இன்றைக்குக் கணக்குக் கேட்பதில்லை.

"நாங்கள் எங்கே வரி கட்டுகிறோம்?" என்று ஒரு தாய் கேட்டார். அம்மா, வருமான வரிப் பாரம் நிரப்பினால்தான் வரி என்பதில்லை. 2015 ஏப்ரலிலிருந்து கடைச் சீட்டில் ஆறு விழுக்காடு ஜிஎஸ்டி பிடித்தார்களே, அது நீங்கள் கட்டியது. 2018இல் அதை எடுத்துவிட்டு மறுபடி கொண்டுவந்த எஸ்எஸ்டி, வாங்குகிற பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. அதுவும் நீங்கள் கட்டுவதுதான்.

கடைசியாக நம் வீட்டுக்குள் வருகிறேன். வெளியாரைச் சொன்னபோது கைதட்டினீர்கள். இப்போதும் தட்டுங்கள் பார்ப்போம்.

பள்ளி விளையாட்டுப் போட்டி. காலை ஏழரைக்கே பிள்ளைகள் வரிசையில். பிரமுகர் வருவது ஒன்பதரைக்கு. அதுவரை வெயில் பிள்ளைகளுக்கு, கூடாரம் பிரமுகருக்கு. கூடாரத்தில் துணி போர்த்திய நாற்காலி, மேசை மேல் பூ, போகும்போது கையில் கொடுக்க ஒரு ஹம்பர். இந்தப் பக்கம் இல்லக் கூடார அலங்காரப் போட்டி. ஒரு இல்லம் கோட்டை கட்டினால் அடுத்த இல்லம் கப்பல் கட்டுகிறது. பெற்றோர் இரவு முழுக்கக் கண்விழித்து அட்டை வெட்டுகிறார்கள், மதியம் அது குப்பைக்குப் போகிறது. போன வருடச் சட்டை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வருடம் முதுகில் வேறொருவர் பேர் போட வேண்டுமே, புதுச் சட்டை. எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தால் ஈட்டி ஒன்றுதான், அதுவும் முனை மழுங்கியது. உயரம் தாண்டும் மெத்தையில் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கிறது. டெக்சஸில் நாய்க்குப் பலகை வைத்தவனைப் பார்த்துச் சிரித்தோமே, அவன் நம் கூடாரத்தைப் பார்த்தால் சிரிக்க மாட்டானா?

பிறகு மாதிரி காசோலை. ஆள் உயரத்துக்கு ஓர் அட்டை, அதில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை. ஒரு பக்கம் தலைவர் பிடிக்க, மறுபக்கம் சங்கத்தார் பிடிக்க, மறுநாள் பத்திரிகையில் படம். அட்டைக்குப் பின்னால் உண்மைக் காசோலை எப்போது வந்தது, எந்தக் கணக்கில் ஏறியது, எதற்குச் செலவானது என்று எந்தப் பத்திரிகையாவது படம் போட்டிருக்கிறதா? தேர்தல் நெருங்க நெருங்க அட்டையும் பெரிதாகிறது. அது தலைவரின் சொந்தக் காசு அல்ல. நம் காசை நம்மிடமே கொடுத்துவிட்டு, நம்மிடமே நன்றியும் வாங்கிக்கொண்டு போகிறார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதை. பாகான் டத்தோ வட்டாரத்தில் தென்னைக்குக் குறைவில்லை என்பதற்காக எல்லாத் தேங்காயும் ஓசி என்று ஆகிவிடாது.

என்ன செய்யலாம்? மூன்று காரியம் சொல்கிறேன். மூன்றுக்கும் காசு செலவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் விளையாட்டுப் போட்டிக்கு வரவு செலவு போடும்போது, பிள்ளையின் கையிலோ காலிலோ படுகிற செலவை ஒரு பக்கமும், பிரமுகரின் கண்ணில் மட்டும் படுகிற செலவை மறுபக்கமும் எழுதுங்கள். எந்தப் பக்கம் கனம் என்று கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். அதற்கப்புறமும் கப்பல் வேண்டும் என்றால் கட்டுங்கள். அலன் நகரத்தார் மாதிரி தெரிந்து செய்ததாக இருக்கட்டும்.

அடுத்தது, திடல். உங்கள் வட்டாரத்தில் மாவட்ட மன்றத்தின் பொறுப்பில் இருக்கும் திடல் எது, பள்ளித் திடல் எது, பேருக்குத் திடலாக இருந்து லாரி நிறுத்துமிடமாகிப் போனது எது என்று இளைஞர்கள் ஒரு பட்டியல் எடுங்கள். புல் வெட்டுவதற்கும் வடிகாலுக்கும் காசு கேட்டு மனுக் கொடுங்கள். புது அரங்கம் கேட்காதீர்கள். அரங்கம் கட்டினால் திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு; புல் வெட்டினால் ரிப்பன் இல்லை. அதனால்தான் புல் வளர்கிறது.

மூன்றாவது, 2027இல் சீ விளையாட்டுப் போட்டியை நம் நாடு நடத்தப் போகிறது. கொடி பிடியுங்கள், தொண்டை கட்டுமளவுக்குக் கத்துங்கள். கூடவே நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம், சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள்: எதற்கு எவ்வளவு, போட்டி முடிந்த பிறகு அந்தக் கட்டடத்தில் யார் ஆடப்போகிறார்கள், பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு, அது யார் தலையில்?

அடுத்த முறை இந்த ஊரில் மாதிரி காசோலை மேடை ஏறும்போதும் கைதட்டுங்கள், மரியாதைக்குக் குறை வேண்டாம். தட்டி முடித்ததும் ஒருவர் எழுந்து, "ஐயா, ரொம்ப நன்றிங்க. செலவுக் கணக்கை எந்தத் தேதியில், எந்தச் சுவரில் ஒட்டுவீங்க?" என்று கேளுங்கள். அவர் கேட்கும்போது பக்கத்தில் இருப்பவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்காமல் இருந்தாலே போதும்.